யத்விகாவின் ஏழு ஜாடிகள்

அந்த ஜூலை பாதி தாண்டுவதற்குள் தீயணைப்பு வண்டி யத்விகாவின் வீட்டு வாசலில் ஐந்து முறை வந்து நின்றுவிட்டது. ஐந்து முறையும் எங்கும் தீப்பிடிக்கவில்லை. லிப்கா மாதிரிக் கிராமத்தில் பத்து வருஷத்துக்கு ஒரு வீடு தீப்பற்றினால் அதிகம். மற்ற நாட்களில் தொண்டர் தீயணைப்புப் படைக்கு வேலையே கதண்டு என்கிற பெரிய குளவியின் கூட்டை அகற்றுவதுதான். பரணில் கட்டியிருக்கிறது, புகைபோக்கியில் கட்டியிருக்கிறது என்று யாராவது கூப்பிடுவார்கள். இவர்கள் வெள்ளை உடுப்பும் வலை முகமூடியும் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறுவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யத்விகா கூப்பிட்ட ஐந்து முறையும் கூடும் இல்லை, கதண்டும் இல்லை.

படைத்தலைவன் கோர்னெல் அவளுடைய உடன்பிறந்த தம்பி. அதனால்தான் வண்டி வந்தது. வேறு யாராவது என்றால் மூன்றாவது முறையே போனை எடுத்திருக்க மாட்டார்கள்.

அவளையும் சும்மா குற்றம் சொல்லக் கூடாது. போன ஆகஸ்டில் அவள் கணவன் தியோபில் ஓடைக்கரை வயலில் புல் ஏற்றிக்கொண்டிருந்தான். குதிரை வண்டியின் சக்கரம் ஒரு பழைய மரக்கட்டையில் இடித்தது. கட்டைக்குள் கதண்டுக் கூடு. இரண்டு கொட்டு கொட்டின. மற்றவர்களுக்கு இரண்டு கொட்டு என்றால் இரண்டு நாள் வீக்கம், அவ்வளவுதான். தியோபிலுக்கு உதடு நீலம் பாரித்து, மூச்சு அடைத்து, பேச்சு நின்றுவிட்டது. கோர்னெலின் ஆட்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துவிட்டான். கதண்டு விஷம் அவன் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லி, மாதம் ஒரு தடுப்பு ஊசி போட ஆரம்பித்தார். அவசரத்துக்கு வைத்துக்கொள்ள பேனா மாதிரி ஒரு ஊசியும் கொடுத்தார். "வெளியே போகலாம், வேலை செய்யலாம், கவனமாக இருக்கணும்" என்றார் டாக்டர். அதில் "கவனம்" என்ற ஒரு சொல் மட்டும்தான் யத்விகாவின் காதில் விழுந்தது.

குளிர்காலத்தில் பிரச்சினை இல்லை. பனியில் கதண்டு ஏது? தியோபில் எப்போதும்போல மால்வாவைப் பூட்டிக்கொண்டு காட்டிலிருந்து மரம் இழுத்தான். மால்வா அவனுடைய கறுப்புக் குதிரை, பெட்டை, ஒன்பது வயது. மனிதர்களிடம் பேசுவதைவிட அதனிடம்தான் அவன் அதிகம் பேசுவான். மே மாதம் வந்ததும் யத்விகா கதவைச் சாத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். பூ பூக்கிற செடி எதுவும் வாசலுக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று பியோனிச் செடிகளைக்கூடப் பிடுங்கிப் போட்டாள். தியோபில் சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவினான். ஊரில் பாதிப் பேருக்குப் போதுமான கிழங்கைச் சீவியிருப்பான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

வேலை இல்லாத குதிரையைக் கட்டிவைத்துத் தீனி போட முடியுமா? விற்றுவிடலாம் என்று யத்விகாதான் ஆரம்பித்தாள். "சரி" என்றான். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அந்த "சரி" அவளுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் வியாபாரிக்குப் போன் செய்து, ஜூலைக் கடைசிச் சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டாள்.

ஐந்தாவது முறை நடந்தது இது. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். புழுக்கம் தாங்காமல் ஜன்னலை நாலு விரல் திறந்து வைத்திருந்தாள். கட்டைவிரல் பருமனில் ஏதோ ஒன்று உறுமிக்கொண்டு உள்ளே வந்து தியோபிலின் கழுத்தில் உட்கார்ந்தது. அவன் கத்தினான். ரத்தம் வந்தது. யத்விகா செருப்பால் அதை அடித்து வீழ்த்தினாள். அடுத்த கணம் ஏப்ரனிலிருந்து பேனா ஊசியை உருவி, கால்சட்டையோடு சேர்த்து அவன் தொடையில் குத்தினாள். பிறகு ஆம்புலன்சைக் கூப்பிட்டாள், தம்பியையும் கூப்பிட்டாள்.

ஆம்புலன்ஸ் தியோபிலை ஏற்றிக்கொண்டு போனது. கோர்னெல் கூடு தேடிப் பரண், கொட்டகை, லாயம் எல்லாம் சுற்றிவிட்டு, சமையலறைத் தரையில் குந்தி நாற்காலிக்கு அடியிலிருந்து அந்தப் பூச்சியை எடுத்தான்.

"யாஜா, இங்க வா. இதுவா கதண்டு?" சின்ன வயதிலிருந்து அவளை யாஜா என்றுதான் கூப்பிடுவான்.

"பின்ன என்ன? எவ்வளவு பெரிசு பாரு."

"பெரிசுதான். ரெண்டு இறக்கைதான் இருக்கு."

"ஒண்ணு செருப்புல ஒட்டியிருக்கும்."

"செருப்பு மேல பழி போடாத. இது குதிரை ஈ. கடிச்சிருக்கு, கொட்டல." அவன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "முதல் தடவ மயிர் மூடின தேனீ. ரெண்டாவது தடவ தும்பி. தும்பிக்காக ஆறு பேர் உடுப்பு மாட்டிட்டு வந்தோம். ஊர்ல என்ன பேசுறாங்க தெரியுமா? உன் வீட்டுக்கு வண்டி விடுறதுக்குப் பதிலா வண்டிய உன் வீட்டு வாசல்லயே நிறுத்திடலாம்ங்கறாங்க."

"பேசுறவங்க புருஷன் புல்லுல நீலமா கிடக்கட்டும், அப்ப பேசட்டும்."

கோர்னெல் சிரிப்பதை நிறுத்தினான். "அதுக்குச் சொல்லல. இனிமே என்னக் கூப்பிடறதுக்கு முன்னாடி அத ஒரு ஜாடில புடிச்சு வை. என்னன்னு பாத்துட்டுக் கூப்பிடு. அவ்வளவுதான் கேக்குறேன்."

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதையே வேறு மாதிரி சொன்னார். நாலு மணி நேரமாகத் தியோபிலின் நெஞ்சு படபடத்ததற்குக் காரணம் பூச்சி இல்லை, ஊசி. அவசியம் வந்தால் தயங்காமல் குத்துங்கள், ஆனால் எது அவசியம் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்றார். யத்விகா புதிய ஊசிப் பேனாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

அவள் ரோஷக்காரி. ஜாடியில் பிடி என்றால் பிடித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினாள். கடுகுச் சாந்து ஜாடி, முள்ளங்கித் துருவல் ஜாடி, ஊறுகாய் ஜாடி என்று காலியானதெல்லாம் கழுவி வரிசையாக வைத்தாள். அவளைக் கொட்டினால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே லாயத்துக்கு அவளே போனாள். மால்வாவைப் பார்த்து அவளுக்குக் கஷ்டமாகிவிட்டது. லாயத்தை ஒட்டிய வேலிக்குள் அதன் கறுப்பு உடம்பு வெயிலில் சூடேறி நிற்கிறது, அந்தச் சூட்டைத் தேடி ஈக்கள் வருகின்றன. கழுத்திலும் அடிவயிற்றிலும் ரத்தக் கோடுகள். தியோபில் இருந்தால் அக்ரூட் இலையைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரால் தினமும் துடைத்துவிடுவான். மே மாதத்திலிருந்து யாரும் துடைக்கவில்லை. அன்றைக்கு அவளே இலை பறித்துக் கொதிக்கவைத்தாள். விற்கப்போகிற குதிரைக்கு எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், ஆனாலும் துடைத்தாள்.

பத்து நாளில் ஏழு ஜாடி நிறைந்தது. கோர்னெல் எடுத்துக் கொடுத்ததும் அதில் ஒன்று. உயிரோடு பிடித்ததையெல்லாம் ஃப்ரீசரில் ராஸ்பெர்ரிப் பைகளுக்குப் பக்கத்தில் உறையவைத்து, வியாழக்கிழமை ஏழையும் துணியில் சுற்றிக் கூடையில் அடுக்கி, பஸ் ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போனாள். அங்கே அருங்காட்சியக மாடியில் பூச்சிகளுக்கென்று ஒரு பெண் இருக்கிறாள் என்று தபால்காரர் சொல்லியிருந்தார்.

அந்தப் பெண்ணின் பெயர் சபினா. முப்பத்தைந்து வயது இருக்கும். மூக்கில் ஜலதோஷம், மேசையில் பாதி தின்ற பன். யத்விகா ஜாடிகளை வரிசையாக வைத்ததும் பன்னை மறந்துவிட்டாள்.

"பானி யத்விகா, இதெல்லாம் எங்க புடிச்சீங்க?" பானி என்பது அந்தப் பக்கத்தில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல்.

"ஒண்ணு எங்க வீட்டுக்காரர் கழுத்துல. நாலு குதிரை மேல. ரெண்டு ஜன்னல்ல. இதுல கதண்டு எத்தனைன்னு மட்டும் சொல்லிடுங்க, நான் மூணு மணி பஸ்ஸப் புடிக்கணும்."

"எண்ணியாச்சு. ஒண்ணுகூட இல்ல."

"நல்லாப் பாருங்க."

"பதினோரு வருஷமா இதத்தான் பாக்குறேன்." சபினா மூக்கை உறிஞ்சிக்கொண்டு இடுக்கியால் ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தாள். "நீங்களே பாருங்க. இடுப்பு எங்க இருக்கு?"

யத்விகா பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தாள். "இடுப்பே இல்ல. எங்க மாமியார் மாதிரி மேலேருந்து கீழவரைக்கும் ஒரே சைஸ்."

"கதண்டுக்கு இடுப்பு உண்டு, நூல் கட்டி இறுக்கினாப்பல. இறக்கை நாலு; உக்காந்ததும் நீளவாக்குல மடிச்சு ஒடுக்கி வெச்சுக்கும். இதுக்கு ரெண்டே ரெண்டு, சாய்கூரை மாதிரி விரிஞ்சிருக்கு. கதண்டுக்கு நீளமான உணர்கொம்பு. இதுக்கு இருக்கிற இடமே தெரியாது. இப்ப வயித்து மேல பாருங்க. நடுவுல என்ன?"

"முக்கோணம். வெளிறின முக்கோணம், ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு."

"அதுதான் அடையாளம். பெரிய குதிரை ஈ. இந்தப் பக்கத்துல முக்கியமா ரெண்டு வகை. இந்த அஞ்சும் கறுப்பு வகை, முக்கோணம் குட்டையா இருக்கும், கண்ணு இருட்டுப் பழுப்பு. இது ஒண்ணு மட்டும் வெளிர் வகை. உயிரோட இருக்கறப்போ கண்ணு பச்சையா இருந்திருக்குமே?"

"இருந்தது. அதுக்குத்தான் ரொம்பப் பயந்தேன்."

"கண்ணு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா பெண். கடிக்கிறது பெண்தான், முட்டைக்காக ரத்தம் வேணும்." சபினா கடைசி ஜாடியைத் திறந்தாள். இரண்டு கண்களும் ஒட்டிக்கொண்டு தலை முழுக்கக் கண்ணாகவே இருந்தது ஒன்று. "இவரு ஆண். இவருக்குக் கடிக்கவே தெரியாது. பூவுல தேன் குடிச்சுட்டுப் போயிடுவாரு. பாவம், உங்க ஜன்னலுக்கு எதுக்கு வந்தாரோ."

அவரை யத்விகா கம்பளியால் அமுக்கிப் பிடித்து, இதுதான் கூட்டத்துக்கே தலைவன் என்று நினைத்திருந்தாள். முகம் சுட்டது.

சபினா ஒரு பெட்டியைத் திறந்து, ஊசி குத்தி வைத்த நிஜக் கதண்டைக் காட்டினாள். செம்பழுப்பு மார்பு, மஞ்சள் வயிறு, இறுகிய இடுப்பு. யத்விகா அதை வெகுநேரம் பார்த்தாள். போன வருஷம் தன் புருஷனைக் கொல்லப் பார்த்தது இதுதான். இவ்வளவு நாளாக இதற்குப் பயந்தவள், இதன் முகத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"இனிமே பாத்தா எனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இப்பவே தெரியும் உங்களுக்கு" என்றாள் சபினா. கறுப்பு வகையில் இரண்டை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு, வாங்கி வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது யத்விகாவுக்கு அழுகையும் கோபமும் கலந்து வந்தது. ஓர் ஈக்காக ஒரு மனுஷனை மூன்று மாதம் உள்ளே போட்டுப் பூட்டியிருக்கிறாள். ஈக்குப் பயந்து குதிரையை விற்கிறாள். சொன்னால் யாராவது நம்புவார்களா?

வெள்ளிக்கிழமை காலை சமையலறை மேசையில் ஜாடிகளைப் பரப்பினாள். தியோபில் எதிரே உட்கார்ந்து வழக்கம்போலக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தான்.

"கத்திய வெச்சுட்டு இங்க பாரு. இது என்னன்னு சொல்லு."

"குதிரை ஈ" என்றான், தலையைத் தூக்காமல்.

"இது?"

"அதுவும்தான். அது வெளிர் ஜாதி, காலம்பரயே வந்துடும். இந்தக் கறுப்பு உச்சி வெயில்லதான் வரும். மூணு சுத்து சுத்திட்டுத்தான் உக்காரும். மால்வா கழுத்துல இத நான் ஆயிரம் அடிச்சிருப்பேன்."

யத்விகா கையில் பிடித்திருந்த ஜாடியைக் கீழே வைத்தாள். "தெரியுமா உனக்கு?"

"முப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"அப்ப அன்னைக்குக் கதண்டுன்னு ஏன் கத்தின?"

"நான் எங்க கத்தினேன்? நான் ஐயோன்னு கத்தினேன். கதண்டுன்னு கத்தினது நீ. இது ஈதான்னு சொல்ல வாயத் திறந்தேன், அதுக்குள்ள ஊசி தொடைல இறங்கிடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. "அஞ்சு தடவையும் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இங்க உக்காந்து கிழங்கு சீவியிருக்க. ஏன் தியோபில்?"

தியோபில் கத்தியை வைத்துவிட்டு, ஈரக் கையைத் துணியில் நிதானமாகத் துடைத்தான்.

"அன்னைக்குப் புல்லுல கிடந்தப்போ எனக்கு ஒரு கஷ்டமும் தெரியல. தூக்கம் மாதிரி இருந்தது. முழிச்சுப் பாத்தா உன் மூஞ்சி. அத நீ பாக்கல, நான் பாத்தேன். இன்னொரு தடவ உனக்கு அந்த மூஞ்சி வர நான் காரணமா இருக்கக் கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணேன். நீ கதவச் சாத்தினியா, சரி, உள்ளயே இருப்போம்."

"குதிரைய விக்கச் சொன்னேனே."

"அதுக்கும் சரின்னேன்."

"ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?" என்று சமையல் துணியால் மேசையை ஓங்கி அடித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் பூட்டி வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் இப்படியே போனால் இந்தச் சமையலறையிலேயே கிழடாகிவிடுவார்கள். அவளுக்கு அவன் மேல் கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பிரியம் வந்தது.

"ஆனா கதண்டு பொய் இல்ல யத்விகா" என்றான் அவன். "ஓடைக்கு அந்தப் பக்கம் பழைய வில்லோ மரத்துல கூடு இருக்கு. மாடி ஜன்னல்லேருந்து தினமும் பாக்குறேன். இத உன்கிட்ட மறைச்சா அது தப்பு."

ஈ ஈதான் என்று தெரிந்துகொண்டாள், கதண்டை என்ன செய்வது? வியாபாரிக்கு வர வேண்டாம் என்று சொல்ல இரண்டு முறை போனை எடுத்தாள். இரண்டு முறையும் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். "நான் வரட்டுமா? கடைசியா ஒரு தடவ" என்று தியோபில் கேட்டான். அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஊசிப் பேனாவை ஏப்ரன் பையில் போட்டு அதன் மேல் கையை வைத்துக்கொண்டு கூடவே போனாள்.

அவனைக் கண்டதும் மால்வா கனைக்கவில்லை. நேராக வந்து தலையை அவன் மார்பில் முட்டி, அப்படியே நின்றது. தியோபில் அதன் காதுக்குப் பின்னால் சொரிந்துகொண்டே ஏதோ முணுமுணுத்தான். யத்விகா வேலியோரம் நின்று, அவர்களைப் பார்க்காமல் அவர்களைச் சுற்றியிருந்த காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று வந்தது. உறுமல். மூன்று சுற்று சுற்றி மால்வாவின் கழுத்தில், தியோபிலின் கைக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தது. அவள் கை பைக்குள் போனது. பிறகு நின்றது. இடுப்பு இல்லை. இரண்டு இறக்கை, சாய்ந்து விரிந்திருக்கிறது. நடுவில் குட்டை முக்கோணங்கள். கறுப்பு வகை.

"ஈ" என்றாள். "பெண்ணு."

தியோபில் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் முகத்திலேயே இருக்கும்போது இன்னொரு சத்தம் கேட்டது. கனமான, நிதானமான சத்தம். வேலிக்கு மேலாக மஞ்சள் நிறத்தில் ஒன்று வந்து குதிரையின் கழுத்துக்கு எதிரே காற்றில் நின்றது. இறுகிய இடுப்பு. செம்பழுப்பு மார்பு. இதற்கு ஜாடியும் வேண்டாம், பூதக்கண்ணாடியும் வேண்டாம்.

"அசையாத" என்றான் தியோபில், உதடு அசையாமல். "கைய வீசாத. ஓடாத. நானும் அசைய மாட்டேன்."

கத்த வேண்டும், ஓட வேண்டும், அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு கதவைச் சாத்த வேண்டும் என்று யத்விகாவின் உடம்பு முழுவதும் துடித்தது. அவள் அசையவில்லை. தன் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான காரியம் எதையும் அவள் செய்ததில்லை.

கதண்டு தியோபிலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் பாய்ந்து மால்வாவின் கழுத்திலிருந்த ஈயைக் கவ்வியது. கவ்விக்கொண்டு வேலிக் கட்டையில் போய் ஒற்றைக் காலில் தொங்கியது. யத்விகாவுக்கு இரண்டடி தூரம். இறக்கையைக் கத்தரித்துப் போட்டது, காலைக் கத்தரித்துப் போட்டது, மிச்சத்தை உருட்டிப் பிடித்துக்கொண்டு எழும்பி, ஓடையைத் தாண்டி வில்லோ மரத்தைப் பார்த்துப் போய்விட்டது. முக்கால் அங்குல நீளத்தில் இறக்கைகள் இரண்டு புல்லில் கிடந்தன. மால்வா நிம்மதியாக வாலை ஒரு வீசு வீசியது.

யத்விகா குனிந்து ஓர் இறக்கையை எடுத்துப் பார்த்தாள்.

"சாப்பாட்டுக்கு வந்திருக்கு" என்றாள்.

"நம்மள சாப்பிட வரல" என்றான் அவன்.

"கூட்டுப் பக்கம் போகாதே. கட்டை, பொந்து எதையும் மிதிக்காதே. மேட்டு வயல்ல மட்டும்தான் வேலை."

தியோபில் புரியாமல் அவளைப் பார்த்தான். அப்போது சாலையில் வண்டிச் சத்தம் கேட்டது. பின்னால் குதிரைப் பெட்டி பூட்டிய வண்டி. வியாபாரி சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே வந்துவிட்டான். யத்விகா போய் வாசல் கதவைத் திறக்காமலேயே அதன் மேல் கையை ஊன்றி நின்றாள்.

"குதிரை விக்கறதுக்கு இல்ல."

"பானி, போன்ல பேசினோமே. உங்க வீட்டுக்காரரும் சரின்னு சொன்னதாச் சொன்னீங்க."

"அவரு எனக்காகச் சரின்னாரு. அது செல்லாது. வீணா அலைய வெச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. வெள்ளரிக்காய் ஊறுகாய் ரெண்டு ஜாடி தர்றேன், எடுத்துட்டுப் போங்க."

வியாபாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான், ஊறுகாயை வாங்கிக்கொண்டான், போய்விட்டான்.

அவள் திரும்பி வரும்போது தியோபில் இன்னும் அதே இடத்தில் குதிரையைப் பிடித்தபடி நின்றான். சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற அவனைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன நிக்கற? மேட்டு வயல்ல ஆள் வெச்சு அறுத்த புல்லு நாலு நாளாக் காயுது. மழை வந்தா போச்சு. வண்டியப் பூட்டு." ஊசிப் பேனாவை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டினாள். "இது இனிமே உன்கிட்ட இருக்கட்டும். உனக்குத்தான் எது என்னன்னு தெரியும்."

"நீயும் வாயேன்."

வர வேண்டும் என்றுதான் இருந்தது. "வந்தா நான் புல்லப் பாக்க மாட்டேன், உன் தலைக்கு மேல பறக்கறதத்தான் பாப்பேன். நீ போ. ரெண்டு மணிக்குச் சூப் ஆறிடும்" என்றாள்.

அவன் சேணம் மாட்டினான். விரல்கள் எதையும் மறக்கவில்லை. வண்டி வாசலைத் தாண்டி மண்பாதையில் ஏறியது. யத்விகா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. நெஞ்சில் அப்படியேதான் இருந்தது. ஆனால் அது அவளோடு இருந்தது, அவனோடு போகவில்லை.

வளைவில் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான் என்று காத்திருந்தாள். அவன் பார்க்கவில்லை. மால்வாவிடம் எதையோ உரக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.